தொல்க் அன்ரியும் கருவேப்பிலை உரமும்

ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் எங்களுக்கு அடுத்த பிளாக்கில் ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர் ஒருநாள் டொக்டரின் அறைக்குள் போன வேகத்திலேயே வெளியே வந்து, கழற்றி வைத்த தொப்பியைக்கூட எடுக்காமல் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். விசாரித்துப் பார்த்தால் விஷயம் இதுதான். அவருக்கு மூலவியாதி. டொக்டர் ஒரு இளம் நோர்வேக்காரன். நடுவிலே தமிழில் சொல்ல ஒரு அம்மா. அந்த அம்மா வாத்தியாரின் முகத்தை நேரே பார்த்து, "வணக்கம். நான் உங்கடை பின்பக்கத்தை ஒருக்காப் பார்க்கவேணும். காற்சட்டையைக் கழட்டிப்போட்டுச் சரிஞ்சு படுங்கோ" என்று சொல்லியிருக்கிறா.

அவதான் தொல்க் அன்ரி. மொழிபெயர்த்துச் சொல்கிற ஆளுக்கு நோர்வேயில் தொல்க் என்று பெயர். அவவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஒஸ்லோத் தமிழர்கள் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

தொல்க்மாருக்கு ஒரு விதி இருக்கிறது. டொக்டர் "நான்" என்றால் தொல்க்கும் "நான்" என்றுதான் சொல்லவேண்டும். "டொக்டர் சொல்லுறார்" என்று சொல்லக்கூடாது. கேட்டதில் ஒன்றையும் விடக்கூடாது, ஒன்றையும் சேர்க்கக்கூடாது. மற்றத் தொல்க்மார் இந்த விதியை நெளிவுசுளிவாகத்தான் வைத்திருந்தார்கள். டொக்டர் பத்து நிமிடம் சொன்னதை, "ஒண்டுமில்லையாம், உப்பைக் குறையுங்கோ" என்று முடித்துவிடுவார்கள். போகிறபோக்கில் தாங்களும் ஒரு கைமருந்து சொல்லிவிடுவார்கள். எங்களுக்கும் அது பிடித்திருந்தது. தொல்க் அன்ரியோ விதி என்றால் விதி. "நான் ஒரு குழாய். மேலை என்ன ஊத்துப்படுதோ அதுதான் கீழை வரும்" என்பா.

மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க ஆள். ஒல்லியான உடம்பு, இறுக்கி முடிந்த கொண்டை, கையில் ஆம்பிளையள் கட்டுகிற பெரிய மணிக்கூடு. எங்கே போனாலும் தன் தண்ணீர்ப் போத்தலோடு வருவா. நாங்கள் கொடுக்கிற தேத்தண்ணியைத் தொடமாட்டா.

எனக்கு அவவிடம் முதல் அடி விழுந்ததும் டொக்டரிடம்தான். முழங்கால் வலி என்று போயிருந்தேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, நாள் முழுக்க நின்ற நிலை. டொக்டர் என் முழங்காலைப் பார்க்காமல் என் வயிற்றைப் பார்த்து, சோற்றைக் குறைத்து எடையைக் குறைக்கவேண்டும் என்றார். நான் வாய்க்குள்ளே, எனக்கு மட்டும் கேட்கத்தக்கதாக, "தான் ஒரு பீப்பா மாதிரி இருந்துகொண்டு எனக்குச் சொல்ல வந்திட்டார்" என்று முணுமுணுத்தேன். தொல்க் அன்ரியின் காது அதையும் பிடித்துவிட்டது. அடுத்த கணம் அது நோர்வேஜிய மொழியில் மேசைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. பீப்பாவுக்கு அந்த மொழியில் உள்ள சொல் எனக்கு நன்றாக விளங்கியது. டொக்டர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகு என் முழங்காலைக் கவனமாகப் பார்த்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வெளியே வந்ததும் இந்த மனிசியின் முகத்தில் இனி முழிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கலியாண வீடுகளில் அவ தனியே ஒரு மேசையில் இருப்பா. ஆருக்குப் பிள்ளை தங்கவில்லை, ஆர் விவாகரத்துக்கு எழுதிப் போட்டது, ஆருடைய அகதி வழக்கில் என்ன சொல்லப்பட்டது எல்லாம் தெரிந்த ஆள் அல்லவா, பக்கத்தில் போய் இருக்க ஒருவருக்கும் துணிவில்லை. ஆனால் அவ வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வந்ததாக வரலாறு இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் குடும்பப் பிரச்சினையைப் பற்றி பஸ் நிலையத்தில் அவவிடமே மெதுவாகக் கிளறிப் பார்த்தேன். அவ வானத்தைப் பார்த்து, "மழை வரும்போலை கிடக்கு" என்றா. நல்ல வெயில்.

இரண்டாயிரத்துப் பத்தை நெருங்கிய காலம். ஒஸ்லோவில் புதுவிதத் தூள்களும் குளிசைகளும் வருகின்றன, பிள்ளைகள் கணினியில் ஓடர் பண்ண அவை தபாலிலேயே வீட்டுக்கு வருகின்றன என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. எங்கள் பகுதியில் தமிழ்ப் பெற்றோருக்கு விளக்கக் கூட்டம் ஒன்று வைத்தார்கள். ஒரு பொலிஸ்காரர் படங்களோடு வந்தார். தமிழில் சொல்லத் தொல்க் அன்ரி.

பொலிஸ்காரர் இதை டிசைனர் போதைப்பொருள் என்றார். தொல்க் அன்ரி ஒரு கணம் யோசித்து, "வடிவமைச்ச போதைப்பொருள்" என்றா. பின்வரிசையிலிருந்து ஒரு தாய், வடிவான போதைப்பொருள் என்றால் எப்படியிருக்கும் என்று கேட்டா. அந்தத் தாய்க்குத் தான் அழகானது என்று பிழையாக விளங்கிக்கொண்டது தெரியாது. தொல்க் அன்ரிக்குத் தெரியும். ஆனால் கேள்வியைத் திருத்துவது குழாயின் வேலையில்லையே. அப்படியே கொண்டுபோய்ப் பொலிஸ்காரரிடம் சேர்த்தா. அவர் திரையில் கிடந்த வெள்ளைத் தூளின் படத்தை மறுபடி திரும்பிப் பார்த்து, வடிவென்று சொல்ல முடியாது என்றார்.

பிறகு அவர் விளக்கினார். அரசாங்கத்திடம் தடைசெய்த பொருட்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. இந்தத் தூள் செய்கிறவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, மருந்தின் அமைப்பில் ஒரு சின்ன மூலையை மட்டும் மாற்றிவிடுவார்கள். பெயர் வேறாகிவிடும், ஏறுகிற போதை அதேதான். அரசாங்கம் அந்தப் புதுப் பெயரையும் பட்டியலில் சேர்க்கும். அவர்கள் இன்னொரு மூலையை மாற்றுவார்கள். இதைக் கேட்டதும் தொப்பி வாத்தியார் எழும்பினார். தொல்க் அன்ரியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே, அப்படியென்றால் பட்டியலில் ஏறுமட்டும் அதைச் சாப்பிடுவது குற்றமில்லையா என்று கேட்டார்.

பொலிஸ்காரர் "ஊஃப்" என்று பெருமூச்சு விட்டார்.

"ஊஃப்" என்றா தொல்க் அன்ரி, எங்களைப் பார்த்து.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தை ஒழுங்கு செய்தவர்கள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்கள். ரோல்ஸ் பொரிக்க ஆளில்லையாம். நான் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்ற அந்த நேரத்தில்தான், இந்தத் தூள்களைச் செடி உரம் என்று பொய்யாக எழுதி விற்கிறார்கள் என்று பொலிஸ்காரர் சொன்னதும், தொல்க் அன்ரி ஒரு எழுத்துக்கூட விடாமல் அதைத் தமிழில் சொன்னதும் நடந்தன. என் காதில் விழுந்தது ரோல்ஸ் நல்ல மொறுமொறுப்பு என்ற பாராட்டு மட்டும்.

அந்தக் குளிர்காலம் என் கருவேப்பிலைச் செடி சாகக் கிடந்தது. திராமன் நகரத்தில் ஒரு தமிழரிடம் கன்றாக வாங்கி, யன்னல் ஓரத்தில் ஹீட்டருக்கு மேலே வைத்துப் பிள்ளை மாதிரி வளர்த்த செடி. இலையெல்லாம் மஞ்சளாகி விழுந்துகொண்டிருந்தது. நான் வீட்டில் அதைப் பற்றியே புலம்பிக்கொண்டு திரிந்தேன். என் மனுசன் டாக்சி ஓட்டுகிறவர், காதில் வாங்கமாட்டார். மகன் கல்லூரியில் தாதிப் படிப்பு, முதல் வருடம். அவன் என்னோடு கதைப்பதே ஓமுக்கு யா, இல்லைக்கு நைய், பிறகு பசிக்குது என்ற மூன்று சொல்லில்தான்.

ஒருநாள் அவனுடைய அலுமாரிக்குள் நான் உடுப்பு அடுக்கும்போது, சின்னச் சின்னப் பைகளில் வெள்ளைத் தூள் இருந்தது. மேலே செடி உரம், மனிதர் உட்கொள்ள அல்ல என்று தெளிவாக அச்சடித்திருந்தது. எனக்குக் கண் கலங்கிப்போயிற்று. வாய் திறந்து ஒன்றும் கதைக்காத பிள்ளை, நான் புலம்பியதைக் கேட்டுக்கொண்டு இருந்து, எங்கேயோ தேடி உரம் வாங்கி வைத்திருக்கிறான். கொடுக்க வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருக்கிறான். நான் அப்படித்தான் நினைத்தேன். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தேத்தண்ணிக் கரண்டி அளவு தண்ணீரில் கலக்கிச் செடிக்கு ஊற்றினேன். மிச்சத்தைக் குசினியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே வைத்தேன். எல்லிங்ஸ்ருட்டில் இருக்கிற என் சிநேகிதி ராணி தன் மிளகாய்க் கன்று வளரவில்லை என்று சொன்னபோது, அவளுக்கும் ஒரு பையைக் கொடுத்துவிட்டேன்.

மகன் அதை வாங்கியபோது அது தடைப் பட்டியலில் இல்லை. கொஞ்ச மாதத்தில் அரசாங்கம் அந்தப் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. செய்தியில் சொன்னார்கள், நானும் பார்த்தேன். நாக்கில் புரளாத அந்தப் பெயரும் என் குசினியில் இருப்பதும் ஒன்றென்று எனக்கு எப்படித் தெரியும்? விற்றவர்களோ பழைய வாடிக்கையாளர் என்று அன்பு வைத்து, அவன் கேட்காமலே இலவசமாக இன்னொரு பொதியை அனுப்பினார்கள். அது சுங்கத்தில் பிடிபட்டது. பொலிஸ் எங்கள் கதவைத் தட்டியது.

வந்தவர்கள் இரண்டு பேர். பின்னல் போட்ட ஒரு இளம் பொலிஸ்காரியும் ஒரு பெடியனும். வீட்டில் வேறு ஏதும் இருக்கிறதா என்று மகனைக் கேட்டார்கள். அவன் முகம் வெளிறிப்போய் அலுமாரியைக் காட்டினான். அலுமாரிக்குள் ஒன்றுமில்லை. இன்னும் வெளிறிப்போனான். பொலிஸ்காரி செடி உரம் என்று ஏதோ சொல்வது என் காதில் விழ, நான் குசினிக்குள் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து, இதையா தேடுகிறீர்கள் என்று கொடுத்தேன். பிறகு அவர்கள் கருவேப்பிலைச் சட்டிக்குள் இருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பையில் கட்டிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் மகன் எனக்கு அது என்னவென்று சொன்னான். நான் கதிரையில் இருந்துவிட்டேன். தாதி வேலைக்குப் பொலிஸில் இருந்து குற்றமில்லாத சான்றிதழ் எடுக்கவேண்டும். வழக்கென்று ஒன்று வந்தால் படிப்பு அதோடு சரி. அவன் வாங்கியது குற்றமாகாமல் போனாலும், பட்டியலில் ஏறியபிறகு வீட்டில் வைத்திருந்தது குற்றம். நான் ராணிக்குக் கொடுத்ததற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மனுசன் டாக்சியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பார்க்கிங் இல்லை என்று சொல்லிக் கீழேயே நின்றுவிட்டார். அறைக்குள் போனால் அந்தப் பின்னல்காரியும், பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலோடு தொல்க் அன்ரியும்.

"நீங்கள் தாய் எண்டபடியால் மகனைப் பற்றி எனக்கு ஒண்டும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை" என்று பொலிஸ்காரிக்காக அவ தொடங்கினா.

அப்படியானால் என்னத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். அது மொழிமாறிப் போய், சொல்ல விரும்பினால் கேட்பதற்கு என்று பதில் வந்தது. பொலிஸ்காரி குனிந்து ஏதோ எழுதத் தொடங்கிய நேரம், நான் தொல்க் அன்ரியின் பக்கம் சாய்ந்து, இரகசியமாக, "அக்கா, என்ன சொன்னால் பிள்ளைக்கு நல்லது?" என்றேன்.

அவ நிமிர்ந்து, தெளிவான நோர்வேஜிய மொழியில், அக்கா என்ன சொன்னால் பிள்ளைக்கு நல்லது என்று பொலிஸ்காரியைக் கேட்டா.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. நடந்தது நடந்தபடி சொன்னால் நல்லது என்றாள் பொலிஸ்காரி. நான் ஆற்றாமையில், "இதென்ன அரிகண்டம் பிடிச்ச மனிசி" என்று முணுமுணுத்தேன். தொல்க் அன்ரி பேனையைக் கீழே வைத்தா. ஒரு சொல்லை நிச்சயப்படுத்த வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுக்கவேண்டும் என்று பொலிஸ்காரியிடம் அனுமதி கேட்டா. பிறகு என் பக்கம் திரும்பினா.

"அரிகண்டம் எண்டதை எந்தக் கருத்திலை சொன்னனீங்கள்? தொல்லை எண்டோ, கரைச்சல் எண்டோ?"

"உங்களைத்தான் சொன்னனான்."

"ஆளைக் கேக்கேல்லை. கருத்தைக் கேட்டனான்."

தொல்லை என்றேன். அது மொழிபெயர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு எனக்கு ஒளிக்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். அலுமாரியில் கண்டது, கண் கலங்கியது, தேத்தண்ணிக் கரண்டி, ராணியின் மிளகாய். ராணியின் பெயர் வந்ததும் பொலிஸ்காரி எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். விளக்கக் கூட்டத்துக்குப் போகவில்லையா என்று கேட்டாள். போனேன், ரோல்ஸ் பொரித்தேன் என்றேன். அந்த உரத்தால் செடிக்கு என்ன நடந்தது என்று கேட்டாள்.

"இருந்த இலையையும் கொட்டிட்டுது. நான் உரம் காணாதாக்கும் எண்டு இன்னுமொரு கரண்டி போட்டனான்" என்றேன். சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் வந்தது. "செடிக்கு எண்டு எழுதிப்போட்டுச் செடியைக் கொல்லுற ஆக்களை நீங்கள் பிடிக்கமாட்டியளோ? என்ரை பிள்ளை விளையாட்டுப் புத்தியிலை வாங்கினவன். நான் நம்பி ஊத்தினனான். பொய் எழுதினவன் எங்கை இருக்கிறான்? அவனிலை நான் ஒரு முறைப்பாடு குடுக்கவேணும்."

இதையெல்லாம் தொல்க் அன்ரி என்னுடைய கோபத்தின் ஏற்ற இறக்கத்தோடேயே சொன்னா. நான் மேசையில் தட்டிய இடத்தில் அவவும் மேசையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினா. பொலிஸ்காரி வாயைக் கையால் பொத்திக்கொண்டு யன்னல் பக்கம் பார்த்தாள். பொய் சொல்ல வந்தவள் இப்படியெல்லாம் கதைக்கமாட்டாள் என்று அவள் அப்போதே முடிவெடுத்திருக்கவேண்டும். வேறு தொல்க் வந்திருந்தால், "தனக்கு ஒன்றும் தெரியாதாம்" என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். அந்த ஒரு வரியை எந்தப் பொலிஸ் நம்பும்?

ராணியிடமும் போனார்கள். அவளுடைய மிளகாய், என்ன அதிசயமோ, செழித்துக் காய்த்து நின்றது. சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தான் அதில் ஒரு காயைக்கூடக் கறிக்குப் போடவில்லை என்று ராணி கண்ட இடமெல்லாம் சத்தியம் பண்ணினாள். ஆனாலும் அந்த வருடம் அவள் வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போனவர்கள் எல்லாரும் கேக்கை மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ராணி என்னோடு கதைக்க நீண்ட காலம் பிடித்தது.

எனக்கும் ராணிக்கும் ஒன்றுமில்லை என்று முடிந்தது. மகனுக்கு வழக்குப் போடாமல் எச்சரிக்கையோடு விட்டார்கள். அவன் இப்போது தாதியாக வேலை செய்கிறான். நான் வட்டிலப்பம் அவித்துக்கொண்டு நன்றி சொல்லத் தொல்க் அன்ரியின் வீட்டுக்குப் போனேன். கதவை அரைவாசி திறந்து, வேலை சம்பந்தமாக ஒன்றும் வாங்கக்கூடாது என்றா. நீங்கள் செய்த உதவிக்கு என்றேன். "நான் ஒரு உதவியும் செய்யேல்லை. உதவி செய்திருந்தால் அது பிழை" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டா. சில வருடத்தில் மகளோடு இருக்க வேறு நகரத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த மனிசியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் எரிச்சலும் பிறகு சிரிப்பும் வரும். அதற்கும் பிறகு வருவது அந்த எச்சரிக்கை கொடுத்த நாள்.

அன்றைக்கு அதே அறையில் பொலிஸ்காரி, மகன், நான். எனக்குப் பக்கத்தில் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளித் தொல்க் அன்ரி. முடிவைச் சொல்லிவிட்டு, பொலிஸ்காரி மகனைப் பார்த்து, நடந்ததை அம்மாவுக்கு நீயே சொல் என்றாள். தனக்கு அவ்வளவு தமிழ் வராது என்றான். நோர்வேஜிய மொழியில் சொல், அதற்குத்தானே இவ இருக்கிறா என்றாள் அவள். அவன் மேசையைப் பார்த்தபடி தொடங்கினான். என் காதருகில் தொல்க் அன்ரியின் வறண்ட குரல் கேட்டது.

"அம்மா, நான் அதை ஒருக்காத்தான் எடுத்தனான். சிநேகிதப் பெடியன்ரை வீட்டிலை. நெஞ்சு அடிச்ச அடியிலை செத்துப்போவன் எண்டு நினைச்சன். உங்களைக் கூப்பிடவெண்டு போனைக் கையிலை வைச்சுக்கொண்டே இருந்தனான். தமிழிலை என்னெண்டு சொல்லுறது எண்டு தெரியேல்லை. பிறகு அதை எறியவும் பயம், வைச்சிருக்கவும் பயம். ஒருநாள் நீங்கள் காரணமில்லாமல் எனக்குப் புட்டு அவிச்சு, முட்டை பொரிச்சு, பக்கத்திலை இருந்து தலையைத் தடவினனீங்கள். ஏனெண்டு பொலிஸ் வந்தண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது. நான் செடிக்கு உரம் வாங்கினனான் எண்டு நினைச்சிருக்கிறியள். அம்மா, நான் உங்கடை செடியை ஒருநாளும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை."

என் பிள்ளை என்னோடு இவ்வளவு கதைத்ததை நான் அதுவரை கேட்டதில்லை. முழுத் தமிழில், மன்னார் இழுவையில், ஒரு கிழவியின் குரலில் அவன் கதைத்துக்கொண்டிருந்தான். எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. தொல்க் அன்ரியின் கையை எட்டிப் பிடித்துவிட்டேன். அவவைப் பார்த்தே சொன்னேன்.

"அட விசரா, அம்மா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காணாதோ? நான் ஓடி வந்திருப்பனே."

அவ கையை இழுக்கவில்லை. மகனின் பக்கம் திரும்பி, விசரா என்பதில் தொடங்கி ஓடி வந்திருப்பேன் என்பதுவரை ஒன்றும் விடாமல் அவனுடைய மொழியில் சொன்னா. அவன் தலையை நிமிர்த்தினான். அவவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"ஓம் அம்மா" என்றான், தமிழில்.

பொலிஸ்காரிக்கு விளங்கவில்லை. தொல்க் அன்ரியைப் பார்த்துக் காத்திருந்தாள். தொல்க் அன்ரி போத்தலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தா. பிறகு, என் கை இன்னும் அவவின் கைக்கு மேலே இருக்க, "யா, மம்மா" என்று மொழிபெயர்த்தா.